படக்காரம்மாவும் கதவோரம் நின்ன ஆளும்

அவங்ககிட்ட "ஒண்ணும் வேண்டாங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. சொன்னா தொலைஞ்சோம். கைப்பையிலருந்து பச்சை அட்டை போட்ட நோட்டு வெளிய வந்துடும். கண்ணாடியத் தூக்கி நெத்திக்கு ஏத்திக்கிட்டு நம்ம மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாப்பாங்க. "ஒண்ணும் வேண்டாம்னா என்னமோ ரொம்ப வேணும்னு அர்த்தம். சொல்லுங்க, என்ன வேணும்?" அப்படிம்பாங்க. ஒரு டம்ளர் டீ வேண்டாம்னு சொன்னதுக்கு இந்த விசாரணை.

பாலக்கோட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாத்தாங்க. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வாடகை வூட்டுல தனியா இருந்தாங்க. மனுஷங்க மனசப் பத்தித் தபால்லயே படிச்சுப் பட்டம் வாங்கினவங்க. எங்க மாதா கோயில்ல கல்யாணம் ஆகப்போற ஜோடிங்களுக்கு வகுப்பு எடுக்கிறதும் அவங்கதான். பையில எப்பவும் ஒரு கட்டு படம் இருக்கும். பழைய காலண்டர்லயும் வாரப் பத்திரிகையிலயும் கத்தரிச்சு அட்டையில ஒட்டின படங்க. ஒரு படத்தை நீட்டி, "இதுல என்ன நடக்குது, ஒரு கதை சொல்லுங்க"ம்பாங்க. அதனால ஊரே அவங்களப் படக்காரம்மான்னுதான் சொல்லும். பேரு எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் சொன்னதில்ல.

நான் சந்தேகப் பிராணிங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். தக்காளி மண்டியில சரக்கு பாக்கிற வேலை எனக்கு. மேல் வரிசையில செக்கச் செவேல்னு அடுக்கி வச்சிருப்பாங்க. நான் அதைப் பாக்கவே மாட்டேன். கிரேட்டுப் பெட்டியோட அடி வரைக்கும் கைய விட்டு ஒரு பழத்தை இழுப்பேன். சொத்தை அங்கதான் இருக்கும். வருஷக்கணக்கா இதே வேலையா இருந்தா மனுஷங்களையும் அப்படித்தான் பாக்கத் தோணும். என்னோட இந்தக் கைய நான் வேற ஒருத்தர்கிட்ட பாத்தேன்னா அது படக்காரம்மாகிட்டதான். அதனாலதானோ என்னவோ அவங்கள எனக்கு ஆரம்பத்துலருந்தே ஆகல.

அவங்க கொள்கை இதுதான். மனுஷன் எது பண்ணினாலும் பின்னாடி ஒரு தேவை நின்னு தள்ளும். சோறு தண்ணி மாதிரியே மனசுக்கும் இருபது சொச்சம் தேவைங்க இருக்காம். ஒருத்தருக்கு ஜெயிக்கணும். ஒருத்தருக்கு நாலு பேரோட ஒட்டிக்கணும். இன்னொருத்தருக்கு நாலு பேரு அடங்கி நிக்கணும். யாராச்சும் என்னைப் பாத்துக்கணும்னு ஒருத்தர், யாரையாச்சும் நான் பாத்துக்கணும்னு ஒருத்தர். எல்லாத் தேவையும் எல்லாருக்கும் உண்டு, ஆளுக்கு ஆள் அளவுதான் வேற. உள்ள இருந்து தேவை தள்ளும், வெளிய இருந்து சூழ்நிலை அழுத்தும், நடுவுல சிக்கிக்கிட்டு நாம நடந்துக்கிறதுக்குப் பேருதான் குணம். இதைக் கடையில, பஸ்ஸுல, கோயில் வாசல்லன்னு எங்க வேணும்னாலும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

ஒரு நாள் எங்க மண்டிக்கு வந்தாங்க. தக்காளி வாங்கத்தான். அன்னைக்குக் காவேரியப்பன்னு ஒரு விவசாயி, வெலை பத்தலன்னு முதலாளிகிட்ட எகிறிக்கிட்டு இருந்தாரு. மூணு நாளா இதே ரகளை. படக்காரம்மா ஓரமா நின்னு பாத்துட்டு, அவரு போனதும் முதலாளிகிட்ட மெதுவா சொன்னாங்க.

"அவருக்கு வெலை இல்லைங்க பிரச்சனை. பெரிய குடும்பத்து ஆளு. அவரு சரக்கக் கடைசியிலதானே எடுக்கிறீங்க? மதிப்பு வேணும் அவருக்கு. நாளைக்கு முதல்ல எடுத்துப் பாருங்க."

முதலாளி அப்படியே பண்ணினாரு. உக்கார ஒரு சேரும் போட்டு டீயும் வாங்கிக் குடுத்தாரு. அதே வெலைதான். காவேரியப்பன் வாயத் தொறக்கல, சிரிச்சுக்கிட்டே போனாரு. ஒருத்தனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுட்டா அவனை எங்க வேணும்னாலும் கட்டிப் போடலாமே! இந்தம்மா இதை யாரு யாருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறாங்களோன்னு இருந்துச்சு.

அடுத்த வாரம் வந்தப்ப முதலாளி பெருமையா சொன்னாரு: "டீச்சர், இப்ப எல்லாருக்கும் சேரு போட்டுடறேன். ஒரு பய வெலை பேசறதில்ல."

படக்காரம்மா மூஞ்சி செத்துப் போச்சு. வாங்கின தக்காளிய அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் எங்க மண்டிப் பக்கமே வரல. ரோட்டுல கூடை வச்சு விக்கிறவங்ககிட்டதான் வாங்குவாங்க. அதுக்கும் நான் வேற அர்த்தம் பண்ணிக்கிட்டேன். கமிஷன் கேட்டிருப்பாங்க, முதலாளி குடுத்திருக்க மாட்டாருன்னு.

கோயில் பாட்டுக் குழுவுல கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒருத்தர். அவரு கதவோரத்துல உக்காந்திருந்தவரு, பாட்டு நல்லாக் கேக்கணும்னு சொல்லிச் சொல்லியே கொஞ்சம் கொஞ்சமா நகந்து பீடத்துக்குப் பக்கத்துலயே வந்துட்டாரு. படக்காரம்மா ஒரு நாள், "ஜனங்க உங்களத் திரும்பிப் பாக்கணும், அதானே அண்ணா வேணும்? தப்பில்ல. ஆனா பாட்டு மேல பழியப் போடாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. மனுஷன் ரெண்டு மாசம் கோயிலுக்கே வரல. இப்படி ஆளையே கழட்டிப் பாக்கிற பொம்பளகிட்ட கல்யாணம் ஆகப்போற புள்ளைங்கள அனுப்பறாங்களேன்னு நான் சத்தம் போட்டேன். கடைசியில அந்த வகுப்புக்கு நானே போய் உக்கார வேண்டியதாப் போச்சு.

எனக்கு முப்பத்தொண்ணு வயசு அப்ப. அதுக்கு முன்னாடி மூணு இடம் வந்து தட்டிப் போச்சு. "இவன் விசாரிச்சு விசாரிச்சே எல்லாத்தையும் கெடுத்தான்"னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி அழுவாங்க. நாலாவதா வந்த இடம் செலின். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம், தருமபுரியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு. பொண்ணு பாக்கப் போனப்ப தட்டுல வச்ச கொய்யாப்பழத்துல நான் பழக்க தோஷத்துல அடியில கைய விட்டு ஒண்ணை எடுத்தேன். அதைப் பாத்துட்டு அவ குனிஞ்சு சிரிச்சா. அந்தச் சிரிப்புலயே நான் விழுந்துட்டேன். எனக்கு அவளை அவ்வளவு புடிச்சுது. வெத்தலை பாக்கு மாத்தி, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடிச்சாச்சு.

எங்க வழக்கத்துல தாலிக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. அந்த வகுப்பு ஒண்ணு. இன்னொண்ணு ஓலை வாசிக்கிறது. தொடர்ந்து மூணு ஞாயித்துக்கிழமை பூசையில, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு ரெண்டு ஊர்க் கோயில்லயும் வாசிப்பாங்க. மூணும் முடிஞ்சாத்தான் கல்யாணம்.

வகுப்புல ஒம்போது ஜோடி. பின் வரிசையில பெத்தவங்க எல்லாம் காவலுக்கு உக்காந்திருக்காங்க, கூடவே கோயில்ல ஞானோபதேச பாடம் எடுக்கிற உபதேசியாரு. படக்காரம்மா ஒரு படத்தை எடுத்துக் காட்டினாங்க. ஒரு பொம்பள ஜன்னலோரம் உக்காந்து வெளிய பாத்துக்கிட்டு இருக்கா. முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். கதவோரமா ஒரு ஆளு, கதவு மேல ஒரு கை. உள்ள வர்றானா வெளிய போறானா தெரியல.

"முன்னாடி என்ன நடந்துச்சு, இனிமே என்ன நடக்கும், இவங்க மனசுல என்ன ஓடுது. பத்து நிமிஷத்துல ஒரு கதை எழுதுங்க. இதுல சரி தப்புன்னு எதுவும் கெடையாதுங்க."

சரி தப்பு கெடையாதுன்னு சொல்ற பரிட்சையத்தான் நம்பவே கூடாது. நான் உஷாராயிட்டேன். புருஷன் வேலை முடிஞ்சு வர்றான், பொஞ்சாதி அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, ரெண்டு பேரும் கை கால் கழுவிட்டு முட்டி போட்டு ஜெபமாலை சொல்றாங்க, சுபம். எழுதிக் குடுத்துட்டேன். இதுல என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?

படக்காரம்மா பேப்பருங்கள ஒவ்வொண்ணாப் படிச்சாங்க. படிக்கப் படிக்க வாயப் பொத்திக்கிட்டாங்க. கடைசியில தாங்க முடியாம சிரிச்சுட்டாங்க.

"பதினெட்டுப் பேரும் இவங்கள ஜெபமாலை சொல்ல வச்சுட்டீங்களே! ஒருத்தரு அவங்க கையில கோயில் குருத்தோலை வேற குடுத்திருக்காரு. ஏங்க, இந்த ரெண்டு பேருக்கும் வேற எதுவுமே வேண்டாமா?"

எல்லாரும் சிரிச்சுட்டோம். உபதேசியாரு மட்டும் சிரிக்கல. அத்தனை பேரும் ஞானோபதேசப் பரிட்சைன்னு நெனச்சு எழுதியிருக்கோம். படக்காரம்மா பின் வரிசைய ஒரு பார்வை பாத்தாங்க. பெரியவங்க எல்லாரையும் டீ குடிச்சுட்டு வரச் சொல்லி அனுப்பிட்டு, அதே படத்துக்கு இன்னொரு கதை எழுதச் சொன்னாங்க.

இந்த வாட்டி நான் என்ன எழுதறேன்னே தெரியாம ரெண்டு பக்கம் எழுதினேன். அவங்க ஒவ்வொரு பேப்பரையும் படிச்சு நோட்டுக்குள்ள வச்சாங்க. செலினோட பேப்பர் வந்துச்சு. படிச்சாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொரு தடவை படிச்சாங்க. அதை மட்டும் நாலா மடிச்சுக் கைப்பையில தனியா வச்சுக்கிட்டாங்க. நான் பாத்துட்டேன். வகுப்பு முடிஞ்சதும் நேராப் பங்குச் சாமியார் அறைக்குள்ள போனாங்க. அரை மணி நேரம் வெளிய வரல. உள்ள ரெண்டு பேரு கொரலும் ஒசந்து கேட்டுச்சு.

அவ்வளவுதான். எனக்குச் சோறு எறங்கல. மடிச்சு வைக்கிற அளவுக்கு அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு? வேற யாரையாச்சும் நெனச்சு எழுதிட்டாளா? ஜன்னல் வழியா அந்தப் பொம்பள யாரைப் பாக்கறா?

அந்த ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிச்சாங்க. எங்கம்மா முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்குக் காதுல எதுவும் விழல. திங்கக்கிழமை என் கூட்டாளி ஒருத்தனை செலின் வேலை பாக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சான். அந்தப் புள்ளைக்கு அடிக்கடி போன் வருமா, யாரு கூடயாச்சும் பேசுமா, டியூட்டி முடிஞ்சா நேரா வூட்டுக்குத்தான் போகுமான்னு. கூட வேலை பாக்கிற நர்ஸு ஒருத்திகிட்டயும் கேட்டிருக்கான். ஒண்ணும் இல்லன்னு வந்து சொன்னான். ஒண்ணும் இல்லன்னு சொன்னா எனக்குப் பத்துமா?

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பூசையில வேற ரெண்டு ஜோடி பேரு வாசிச்சாங்க. எங்க பேரு வரல. எங்கம்மா என் கையப் புடிச்சாங்க. பூசை முடிஞ்சதும் சாமியாருகிட்ட ஓடினேன்.

"பொண்ணு ஊர்ச் சாமியாருகிட்டருந்து போன் வந்துச்சுப்பா. கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்றாங்க" அப்படின்னாரு எங்க சாமியார். "காரணம் எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியுமே! நாலா மடிச்ச பேப்பரு. நேரா படக்காரம்மா வூட்டுக்குப் போனேன்.

தரையில உக்காந்து காலண்டர்ல படம் கத்தரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "வாங்க வாங்க, காபி போடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாங்க." வாய் தவறி வந்துடுச்சு.

கண்ணாடி நெத்திக்கு ஏறிடுச்சு. "சொல்லுங்க, என்ன வேணும்?"

"என் கல்யாணம் வேணுங்க! நீங்கதானே நிறுத்தினீங்க? சாமியாருகிட்ட அரை மணி நேரம் என்னத்த ஓதினீங்க?" நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

அவங்க கத்திரியக் கீழ வச்சாங்க. "அதுவா? இனிமே வகுப்புக்குள்ள பெத்தவங்களையும் உபதேசியாரையும் விடாதீங்கன்னு சண்ட போட்டேன். சாமியாரு ஒத்துக்கல. வேணும்னா அவரையே கேளுங்க."

"அப்ப செலின் பேப்பரு? அதைக் குடுங்க."

"மாட்டேங்க. அது அவங்களோடது. யாரு கையிலயும் சிக்கக் கூடாதுன்னுதான் தனியா வச்சேன். அவங்க அப்பா அம்மா கேட்டாலும் குடுக்க மாட்டேன், சாமியாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். உங்களோடது வேணும்னா தர்றேன்."

நோட்டுலருந்து என் பேப்பரை எடுத்து நீட்டினாங்க. நான் படிச்சேன். என் கையெழுத்துதான். கதவோரம் நிக்கிற ஆளு, பொண்டாட்டி யாரைப் பாக்கறான்னு கண்டுபிடிக்கப் போறான். பக்கத்து வூட்டுல கேக்கறான். கடைக்காரன்கிட்ட கேக்கறான். பஸ் கண்டக்டர்கிட்ட கேக்கறான். அவ செல்போனை எடுத்துப் பாக்கறான். ரெண்டு பக்கமும் முடிஞ்சு போச்சு, கதை முடியல.

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும். அது தப்பான தேவை இல்லைங்க, எனக்கும் அதேதான்" அப்படின்னாங்க. "ஆனா உங்க ஆளு ஊரையே கேக்கறான். அதே ரூம்புல உக்காந்திருக்கிற பொம்பளகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல."

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பேப்பரைக் கசக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வண்டிய எடுத்தேன். தருமபுரி போற வரைக்கும் அந்தம்மாவத் திட்டிக்கிட்டே போனேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் செலினுக்கு டியூட்டி முடியும். ஆஸ்பத்திரி எதிர்ல இளநி வண்டிகிட்ட நின்னேன். வாட்ச்மேன் என்னைப் பாத்த பார்வையிலயே எனக்குப் பாதி வெளங்கிடுச்சு. செலின் வந்தா. தலையெல்லாம் கலைஞ்சு, கண்ணு உள்ள போயிருந்துச்சு.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" அப்படின்னா. நான் இன்னும் வாயே தொறக்கல. "வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டீங்க. கூட வேலை பாக்கிற புள்ளைகிட்ட கேட்டீங்க. எனக்கு எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுங்களா? ஒரு வாரமா வார்டுல எல்லாரும் என்னையவே பாக்கறாங்க."

தப்புத்தான்னு சொன்னேன். அப்புறம் கேட்டுட்டேன். "நீ அந்தப் படத்துக்கு என்ன எழுதின?"

"இதை நேரா என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. வகுப்பு முடிஞ்சு ஒண்ணாத்தானே இட்லி சாப்பிட்டோம்?"

அவங்க வூட்டுல ஒம்போது பேரு, ரெண்டு ரூம்பு. அப்பாவுக்குப் பக்கவாதம், அண்ணன் புள்ளைங்க மூணு. வார்டுல எட்டு மணி நேரம் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பாடு. வூட்டுக்குப் போனா செலினு, அத்தை, ஏ புள்ளன்னு கூப்பாடு. இதெல்லாம் அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். விசாரிச்சதுல இதை யாரும் சொல்லல, நானும் கேக்கச் சொல்லல.

"அந்தப் பொம்பளைக்கு அரை மணி நேரம் யாரும் கூப்பிடாம உக்காந்திருக்கணும்னு எழுதினேன். அவ்வளவுதாங்க. அவ எதையும் பாக்கல, சும்மா உக்காந்திருக்கா. கதவுகிட்ட நிக்கிறவரு என்ன பண்ணுவாருன்னு எழுத வரல. விட்டுட்டேன்."

நடுரோட்டுல என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல எனக்கு. இளநிக்காரரு வெட்டின இளநியக் கையில வச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தாரு. செலின் அதை வாங்கிக் குடிச்சா. குடிச்சுட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை வாசிக்கச் சொல்றேன். இனிமே எதாருந்தாலும் என்கிட்ட கேளுங்க"ன்னா.

கல்யாணத்துக்குப் படக்காரம்மா வந்தாங்க. எனக்கு இன்னும் அவங்க மேல முழு நம்பிக்கை வரல. ஒருத்தருக்கு என்ன வேணும்னு இவ்வளவு தேடறவங்களுக்கு, அதுல என்ன கெடைக்குது? பந்தியில அவங்க இலைக்கு நானே பாயாசம் எடுத்துட்டுப் போனேன். "இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு?"ன்னு கேட்டேன். உபசரிப்புக்குப் பாதி, ஆழம் பாக்கப் பாதி.

"ஒண்ணும் வேண்டாங்க" அப்படின்னாங்க.

சொன்ன பொறவுதான் அவங்களுக்கே ஒறைச்சுது. என்னைப் பாத்தாங்க. சிரிக்கப் பாத்தாங்க, வரல. கண்ணாடிய நெத்தியிலருந்து எறக்கி மாட்டிக்கிட்டு எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. அந்த ஒரு வினாடி எனக்கு அவங்க மேல அப்படி ஒரு பாசம் வந்துச்சு. உக்காருங்க, என்ன வேணும்னு சொல்லுங்கன்னு கேட்டிருக்கணும். பந்தியில கூட்டம், விட்டுட்டேன். அடுத்த ஜூன் மாசம் வேற ஊருக்குப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு பல பேரு பல விதமாச் சொன்னாங்க, நான் எதையும் நம்பல.

பத்து வருஷம் ஆகுது. சந்தேகமெல்லாம் போயிடுச்சான்னு மட்டும் கேக்காதீங்க. போன வாரம் மண்டியிலருந்து சீக்கிரம் வந்துட்டேன். புள்ளைங்க பள்ளிக்கூடத்துல, அம்மா கோயிலுக்குப் போயிட்டாங்க. செலின் ஜன்னலோரம் உக்காந்து வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. மடியில செல்போன். யாரோ பேசிட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. நான் கதவுல கைய வச்சு அப்படியே நின்னுட்டேன்.

"என்ன வேணும்?"னா, திரும்பாமயே.

"ஒண்ணும் வேண்டாம்."

"பொய்."

"சரி. நீ என்ன நெனச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரியணும்."

"அரை மணி நேரம் கழிச்சு வாங்க. சொல்றேன்."

கதவச் சத்தமில்லாம சாத்திட்டு வாசல்ல வந்து நின்னேன். செல்லுல மணி பாத்தேன். ஒரு யுகம் ஆன மாதிரி இருந்துச்சு, மறுபடி பாத்தா நாலு நிமிஷம்தான் ஓடியிருக்கு. பக்கத்து வூட்டு அக்கா, "என்ன தம்பி, வெளியவே நிக்கிற?"ன்னு கேட்டாங்க. அவங்ககிட்ட நான் எதுவும் விசாரிக்கல. இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு அக்கான்னு மட்டும் சொன்னேன்.